முன்பணமா, பின்கணக்கா: கர்னலில் மெமரி எண்ணும் வழிகள்

கோர்கள் ஏராளமாக உள்ள ஒரு சர்வர். அதில் 64 கேபி பேஜ் அளவோடு கட்டிய லினக்ஸ் கர்னல். (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி, பேஜ் என்பது அது மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்படைத் துண்டு.) ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கமாண்டை ஓடவிட்டால் சில ப்ராசஸ்களுக்கு நேரே, பிடித்திருக்கும் மெமரியைக் காட்டும் ஆர்இஎஸ் பத்தியில், எப்போதும் பூஜ்யம். ப்ராசஸ் ஓடுகிறது, வேலையும் செய்கிறது. ஆனால் அதன் கையில் மெமரியே இல்லை என்று கர்னல் சாதிக்கிறது. 2025-இல் கர்னலைப் பராமரிப்பவர்களிடம் வந்த புகார் இது. யாரோ அவசரத்தில் எழுதிய கோடின் கோளாறு போலத் தெரியும். உண்மையில், மூன்று வருடங்களுக்கு முன் நன்றாக யோசித்து எடுத்த ஒரு முடிவுதான் அங்கே பூஜ்யமாக வந்து நின்றது.

மெமரிக்குக் கணக்கு வைப்பது கேட்க எளிது. கொடுத்தால் கூட்டு, திரும்பி வந்தால் கழி. நூறு கோர்கள் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் கூட்டிக் கழிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த எண் உட்கார்ந்திருக்கும் கேஷ் லைன் (கோர் தன்னருகே வைத்துக்கொள்ளும் சிறு மெமரித் துண்டு) ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்துகொண்டே இருக்கும். மெமரி ஒதுக்குவதற்கு ஆகும் நேரத்தைவிட அதை எண்ணுவதற்கு ஆகும் நேரம் கூடிப்போகும். சரி, எண்ணுவதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்றால், தளர்ந்த இடத்தில் ஒரு கன்டெய்னர் (தனியே பிரித்து, வரம்பு வைத்து ஓடவிடும் ப்ராசஸ்களின் தொகுப்பு) தன் வரம்பை மீறி மெஷின் முழுவதையும் படுக்கவைக்கும்.

கர்னலுக்குள் புதிதாக எதையாவது எழுதுகிறவர்கள், ஒரு டிரைவரோ ஒரு சிஸ்டம் காலோ, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பயனர் கேட்டதற்காக நாம் ஒதுக்கும் மெமரியை எந்த முறையில் எண்ணுவது? லினக்ஸில் உள்ள முறைகளை வைத்தே பார்க்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்ததும், தவறுகள் வெளிப்படையாகப் பதிவாகியிருப்பதும் அங்கேதான். வழக்கமாக இந்த ஒப்பீட்டை வேகம் ஒரு பக்கம், துல்லியம் மறுபக்கம் என்று தராசில் நிறுத்துவார்கள். எனக்கு அது பாதிக் கேள்வியாகத்தான் படுகிறது. ஒரு முறையில் எவ்வளவு பிழை வரும் என்பதோடு, அந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரே எண், எல்லோரும் தொடுவது

முதல் வழி, ஒரே ஒரு எண்ணை வைத்து எல்லோரும் அதையே மாற்றுவது. மெமரி கன்ட்ரோலர் லினக்ஸில் நுழைந்தது 2008-இல், 2.6.25 பதிப்பில். சிகுரூப் எனப்படும் ப்ராசஸ் குழு ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி வரம்பு வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் சுருக்கமாக மெம்சிஜி என்கிறோம். அப்போது எண்ணும் வேலையை ரெஸ் கவுண்டர் செய்தது: ஒரு ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு), அதன் பாதுகாப்பில் ஓர் எண். சிகுரூப்கள் மரம்போல ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால், இலையில் ஒரு பேஜ் ஏறினால் வேர்வரை ஒவ்வொரு மட்டத்திலும் லாக் எடுத்துக் கூட்டியாக வேண்டும். 3.19 பதிப்பில், 2015-இல், அதைத் தூக்கிவிட்டு லாக் இல்லாத பேஜ் கவுண்டரைக் கொண்டுவந்தார்கள்.

பேஜ் கவுண்டரில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். வரம்பைத் தாண்டுமா என்று பார்த்துவிட்டுக் கூட்டினால், பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் இன்னொரு கோர் புகுந்துவிடும். அதனால் இது முதலில் கூட்டிவிடுகிறது. பிறகு பார்க்கிறது. வரம்பு மீறியிருந்தால் கூட்டியதைக் கழித்துவிட்டு இல்லை என்று சொல்கிறது. இடையில் உள்ள அந்த நொடித்துணுக்கில் எண் உண்மையைவிட அதிகமாக இருக்கும். ஒருவர் 2 எம்பி பெரிய பேஜ் கேட்டுத் தோற்கும் அதே கணத்தில் இன்னொருவர் ஒரு சாதாரண பேஜ் கேட்டால், அவருக்கும் அநியாயமாக மறுப்பு வரலாம். மறுப்பு என்றால் உடனே கதை முடிந்துவிடாது. கொஞ்சம் பழைய பேஜ்களைத் துடைத்துவிட்டு மறுபடி முயல்வார். இந்த அநியாயத்தின் அளவு இரண்டு கோரிக்கைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாண்டாது என்று கோடிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிடும் பிழை இதில் வராது. கொடுக்கலாம் என்பதை ஒரு கணம் மறுக்கும் பிழைதான் வரும்.

பெரிய துண்டுகளாக, எப்போதாவது ஒதுக்கும் சப்சிஸ்டத்துக்கு இதுவே போதும். நொடிக்குச் சில நூறு ஒதுக்கீடுகள் என்றால் இதற்குமேல் யோசிப்பது வீண்வேலை.

இரண்டு கிளைகள்

ஒதுக்கீடு லட்சக்கணக்கில் போனால் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக ஏதாவது வைத்தே ஆக வேண்டும். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: சிபியுவுக்கு ஒரு சிறு எண், அவ்வப்போது பொது எண்ணோடு சேர்ப்பது. ஆனால் ஒன்று, முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து செலவு செய்கிறது. இன்னொன்று, செலவை முதலில் செய்துவிட்டுப் பிறகு கணக்கு ஒப்படைக்கிறது.

முன்பண முறைதான் மெம்சிஜியின் ஸ்டாக், அதாவது கையிருப்பு. ஒரு ப்ராசஸ் ஒரே ஒரு பேஜ் கேட்டாலும் கர்னல் அந்தக் குழுவின் பொது எண்ணில் 64 பேஜ்களைக் கூட்டிவிடுகிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சம் 63-ஐ அந்த சிபியுவின் பையில் போட்டு வைக்கிறது. அடுத்த 63 கோரிக்கைகளுக்குப் பொது எண்ணைத் தொடவே வேண்டாம். 2022 வரை இந்தத் தொகை 32 ஆக இருந்தது, 6.1 பதிப்பில் இரட்டிப்பாக்கினார்கள். வரம்பு நெருங்கிவிட்டதால் 64 கிடைக்கவில்லையென்றால், கேட்ட ஒரு பேஜை மட்டும் வைத்து மறுபடி முயல்கிறது. அதுவும் கிடைக்கவில்லையென்றால் பழைய பேஜ்களைத் துடைக்கப் பார்க்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் எல்லா சிபியுக்களின் பைகளிலும் இந்தக் குழுவின் பெயரில் தூங்கும் முன்பணத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறது. அதன் பிறகுதான், மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரை எழுப்பும் பேச்சு.

பொது எண் எப்போதும் உண்மைச் செலவுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோதான் இருக்கும். கீழே போக வழியில்லை. பைகளில் கிடப்பது செலவாகாத பணம், ஆனால் கணக்கில் ஏறிவிட்டது. அதனால் பொது எண் வரம்புக்குள் இருக்கும்வரை உண்மைச் செலவும் வரம்புக்குள்தான். கர்னல் மறுக்கவே கூடாது என்று கேட்கும் சில அவசரக் கோரிக்கைகள் மட்டும் வரம்பைத் தாண்டி உள்ளே விடப்படும். அவையும் எண்ணப்பட்டுத்தான் போகின்றன.

இந்த முறைக்கும் விலை உண்டு. 4 கேபி பேஜில் 64 பேஜ் என்றால் சிபியுவுக்கு 256 கேபி. 128 சிபியு மெஷினில் மிக மோசமான நிலையில் ஒரு குழுவுக்கு 32 எம்பி பைகளில் தூங்கலாம். 8 ஜிபி கன்டெய்னருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முக்கிய நிரலுக்குத் துணையாக 50 எம்பி வரம்போடு ஓடும் ஒரு சின்ன சைட்-கார் கன்டெய்னருக்குப் பாதிக்கு மேல் போச்சு. அதே கணக்கை 64 கேபி பேஜுக்குப் போட்டுப் பாருங்கள்: சிபியுவுக்கு 4 எம்பி, மொத்தம் 512 எம்பி. தொகை பேஜ்களில் எழுதப்பட்டிருப்பதால் வரும் வினை. பைகளைக் காலிசெய்யும் வேலையும் இலவசமல்ல, ஒவ்வொரு சிபியுவிலும் ஒரு வேலையைச் சொருக வேண்டும். நேரம் தவறக்கூடாத வேலைக்கென்றே ஒதுக்கிவைத்த சிபியுக்களை இந்த வசூல் தொந்தரவு செய்ததால் 2023-இல் அவற்றுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

இன்னொரு குறை வெகுகாலம் கண்ணில் படாமலே இருந்தது. அப்போதெல்லாம் ஒரு சிபியுவின் பையில் ஒரு குழுவின் பணம் மட்டுமே இருக்க முடிந்தது. வேறு குழு வந்தால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். ஒரே சிபியுவில் பல கன்டெய்னர்களுக்கு வரும் நெட்வொர்க் பாக்கெட்டுகள் மாறி மாறி இறங்கும் மெஷினில் பை நிரம்புவதும் கொட்டுவதுமாகவே பொழுது போகும். முன்பணத்தின் ஆதாயம் முழுக்கக் கரைந்துவிடும். 2025-இல்தான் ஒரு பைக்கு ஏழு அறைகள் வந்தன.

பின்கணக்கு முறையின் பெயர் பெர்-சிபியு கவுண்டர். ஒவ்வொரு சிபியுவும் தன் சின்ன எண்ணில் கூட்டிக்கொண்டே போகும். அது ஒரு தொகையை எட்டினால் லாக் எடுத்துப் பொது எண்ணில் கொட்டும். அந்தத் தொகை 32, அல்லது சிபியு எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. எது பெரிதோ அது. எளிமையானது, வேகமானது, கர்னலில் பல இடங்களில் புழங்குவது. பொது எண்ணை மட்டும் படித்தால் கிடைப்பது உத்தேசம். எல்லா சிபியுக்களையும் சுற்றிக் கூட்டினால் கிட்டத்தட்ட உண்மை.

முதலில் சொன்ன பூஜ்யம் இங்கிருந்துதான் வந்தது. ஒரு ப்ராசஸ் எவ்வளவு மெமரியைத் தொட்டிருக்கிறது என்ற எண்ணை முன்பு ஒவ்வொரு த்ரெட்டும் தன்னிடம் சேர்த்துவைத்து, 64 நிகழ்வுகளுக்கு ஒருமுறை ஒப்படைத்தது. நூற்றுக்கணக்கில் த்ரெட்டுகள் உள்ள நிரலில் பிழை த்ரெட் எண்ணிக்கை பெருக்கல் 64 பேஜ் வரை போகும். 6.2 பதிப்பில் அதைப் பெர்-சிபியு கவுண்டருக்கு மாற்றினார்கள். பிழையின் உச்சம் த்ரெட் எண்ணிக்கையை விட்டு சிபியு எண்ணிக்கையின் வர்க்கத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அன்று அது நியாயமான பேரம். இப்போது 128 சிபியு, 64 கேபி பேஜ் உள்ள மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிபியு 256 பேஜ் சேரும்வரை வாய் திறக்காது. 256 பெருக்கல் 64 கேபி, 16 எம்பி. ஒரே சிபியுவில் ஒட்டிக்கொண்டு 15 எம்பியில் பின்னணியில் ஓடும் ஒரு சின்ன டீமன் கடைசிவரை பொது எண்ணில் தலைகாட்டவே காட்டாது. டாப் காட்டிய பூஜ்யம், பொது எண்ணைப் பொறுத்தவரை, சரியான பூஜ்யம்.

தீர்வு என்னவோ சின்னதுதான்: பயனருக்கு எண்ணைக் காட்டும் இடங்களில் மட்டும் எல்லா சிபியுக்களையும் சுற்றிக் கூட்டுவது. கேட்பவர் எப்போதாவது கேட்கிறார், கூட்டுபவரோ ஓயாமல் கூட்டுகிறார். செலவைக் கேட்பவர் தலையில் கட்டுவது நியாயம்தானே.

இந்த மாற்றத்துக்கு வேறொரு பக்கத்திலும் அடி விழுந்தது. ப்ராசஸ் ஒவ்வொன்றுக்கும் நான்கு கவுண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் சிபியு வாரியாக இடம் ஒதுக்க வேண்டும். நீண்ட நாள் ஓடும் சர்வர் நிரலுக்கு இது தெரியாது. ஷெல் ஸ்கிரிப்டும், நிரல்களைக் கட்டும் மேக் கருவியும் ஆயிரக்கணக்கில் பிறப்பித்து உடனே கொல்லும் குட்டி ப்ராசஸ்களுக்கு, பிறப்புச் செலவு கண்ணுக்குத் தெரியுமளவு ஏறியது. நான்கையும் ஒரே முறையில் ஒதுக்கும்படி 6.6-இல் மாற்றி ஓரளவு சரிக்கட்டினார்கள். ஒற்றை த்ரெட்டோடு பிறந்து மறையும் ப்ராசஸ்தான் யூனிக்ஸ் உலகின் பெரும்பான்மை. அதை மறந்து பெரிய மெஷினுக்கென்று மட்டும் வடிவமைக்கும் பழக்கம் கர்னல்காரர்களுக்கு அடிக்கடி வரும்.

பின்கணக்கில் பிழை எந்தப் பக்கம் சாயும்? இரண்டு பக்கமும். ஒரு சிபியுவில் கூட்டிவிட்டு இன்னொன்றில் கழித்தால் பொது எண் மேலும் போகலாம், கீழும் போகலாம். கீழே போனால் வரம்பு மீறியது தெரியாமல் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். அதனால் வரம்பு வைக்கும் இடத்தில் இதை அப்படியே போடக்கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் வரம்பு நெருங்கும்போது மட்டும் சுற்றிக் கூட்டும் வழி இருக்கிறது: உத்தேச எண்ணுக்கும் வரம்புக்கும் உள்ள இடைவெளி பிழையின் உச்சத்தைவிடப் பெரிதாக இருந்தால் நம்பிப் போ, இல்லையென்றால் எண்ணிப் பார். அப்போதும் பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் ஓட்டை இருக்கும். மெமரியிலேயே ஃபைல்களை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ்-இன் அளவு வரம்பில் அந்த ஓட்டையை 6.7-இல் அடைத்தார்கள், பார்ப்பதையும் கூட்டுவதையும் ஒரே செயலாகச் சேர்த்து.

ஒரே எண், இரண்டு கண்டிப்பு

சிஸ்டம் முழுவதும் எவ்வளவு மெமரி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதை லினக்ஸ் ஒரு பெர்-சிபியு கவுண்டரில்தான் எண்ணுகிறது. இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் ஓவர்கமிட் அமைப்பை 2 என்று வைத்தால் இந்த எண்தான் எஜமான். அது வரம்பைத் தொட்டால், ப்ராசஸ் மெமரி கேட்கும் எம்மேப் கால் தோற்கும். வழக்கமான 0 அமைப்பிலோ இந்த எண்ணைக் கேட்டு யாரும் முடிவெடுப்பதில்லை. மெஷினின் ரேமையும் ஸ்வாப்பையும் சேர்த்தாலும் தாங்காத அளவு ஒரே கோரிக்கையில் கேட்டால்தான் மறுப்பு. ஆனாலும் வெகுகாலம் இரண்டுக்கும் ஒரே துல்லியம்தான் இருந்தது. 2020-இல், 5.9 பதிப்பில், அதைப் பிரித்தார்கள். கண்டிப்பான அமைப்பில் ஒரு சிபியு தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடியது, மொத்த ரேமைச் சிபியு எண்ணிக்கையால் வகுத்து அதில் 256-இல் ஒரு பங்கு. மற்ற அமைப்புகளில் நான்கில் ஒரு பங்கு.

128 ஜிபி ரேம், 64 சிபியு என்று வைத்துப் பாருங்கள். கண்டிப்பில் சிபியுவுக்கு 8 எம்பி, மொத்தப் பிழை அதிகபட்சம் அரை ஜிபி. தளர்வில் சிபியுவுக்கு 512 எம்பி, மொத்தம் 32 ஜிபி வரை. யாரும் முடிவெடுக்கப் பயன்படுத்தாத எண்ணில் 32 ஜிபி பிழை இருந்தால் என்ன? ஓடும்போதே நிர்வாகி அமைப்பை 2-க்கு மாற்றினால், கர்னல் எல்லா சிபியுக்களையும் தட்டி எழுப்பிச் சேர்த்துவைத்ததைக் கொட்டவைத்துவிட்டுத்தான் கண்டிப்புக்குப் போகிறது. ஒரு மாணவருக்கு இந்தத் தலைப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

புள்ளிவிவரம் மட்டும் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஆர்ஸ்டாட் இருக்கிறது. ஒவ்வொரு சிபியுவும் தன் எண்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எந்தெந்தக் குழுக்களில் மாற்றம் என்று மட்டும் குறித்து வைக்கும். யாராவது படிக்கும்போது, அல்லது இரண்டு வினாடிக்கு ஒருமுறை, மரத்தின் வழியே மேலே கூட்டிச் செல்லும். 5.13 முதல் மெம்சிஜி புள்ளிவிவரங்கள் இதில்தான். எழுதுவது மலிவு, படிப்பது விலை. கண்காணிப்புக் கருவி ஒன்று நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை அடிக்கடி படித்தால் அந்தக் கூட்டலின் லாக்கே நெரிசலாகும். வரம்புக்கு இது ஆகாது, டேஷ்போர்டுக்கு ஆகும். அவ்வளவுதான்.

யார் கணக்கில், எவ்வளவு நுணுக்கமாக

எப்படி எண்ணுவது என்று முடிவானாலும் யார் தலையில் எழுதுவது என்பது பாக்கி. பயனர் நேரடியாகக் கேட்கும் பேஜுக்குப் பதில் தெளிவு. கர்னல் தன் வேலைக்காக ஒதுக்கும் சின்னச் சின்னப் பொருள்கள், ஐநோடு (ஃபைலின் விவரம்), டென்ட்ரி (ஃபைலின் பெயர்), சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு), இவை நூறு இருநூறு பைட் அளவில் ஸ்லாப் பேஜ்களுக்குள், அதாவது ஒரே வகைப் பொருள்களை அடுக்கிவைக்கும் பேஜ்களுக்குள், அடைந்து கிடப்பவை.

2013-இல், 3.8 பதிப்பில், எடுத்த வழி: ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனி ஸ்லாப் கேஷ். ஒரு பேஜில் ஒரே குழுவின் பொருள்கள்தான் இருக்கும் என்பதால் பேஜை எண்ணினால் போதும். கணக்கு சுத்தம், ஒதுக்கும் பாதையும் வேகம். ஆனால் குழுக்கள் நூறு நூறாகப் பெருகியபோது அரைகுறையாக நிரம்பிய பேஜ்கள் குவிந்தன. 5.9-இல் அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, எல்லோரும் ஒரே ஸ்லாப் பேஜைப் பகிர, ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உரிமையாளரைக் குறிக்கும் சுட்டி ஒன்று வைத்தார்கள். பொருளுக்கு 8 பைட் கூடுதல். ஆனால் வெப், டேட்டாபேஸ் கேஷ், டிஎன்எஸ் என்று மூன்று வகை நிஜ சர்வர்களில் ஸ்லாப் மெமரி 35 முதல் 42 சதவீதம் குறைந்தது. மெமரியை எண்ணுவதற்காகவே அவ்வளவு மெமரியை விரயம் செய்துகொண்டிருந்தோம் என்று அர்த்தம்.

இதில் பாதுகாப்புப் பக்கம் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. குழு அழிந்தபின்னும் அதன் பொருள்கள் உயிரோடு இருக்கும். ஒரு டென்ட்ரி மாதக்கணக்கில் கேஷில் கிடக்கலாம். பொருளிலிருந்து குழுவுக்கு நேரடிச் சுட்டி இருந்தால் இரண்டே வழி. குழுவின் அமைப்பைச் சாகவிடாமல் பிடித்து வைப்பது, அல்லது செத்த மெமரியைச் சுட்டுவது. முதலாவதைச் செய்ததால் பெரிய சர்வர்களில் அழிந்த குழுக்களின் பிணங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. புதிய ஏற்பாட்டில் பொருள் சுட்டுவது ஒரு சின்ன இடைத்தரகரை. குழு அழியும்போது அந்தத் தரகரைத் தாய்க் குழுவுக்குத் திருப்பிவிட்டால் போதும். பொருள்களைத் தொட வேண்டாம், பெரிய அமைப்பை உடனே விடுவிக்கலாம். பொருள் எப்போது விடுபட்டாலும் கழித்தல் உயிருள்ள ஒரு கணக்கில்தான் போய் விழும்.

கணக்கு தவறினால் என்ன செய்வது என்பதிலும் சாய்வுக் கேள்வி வருகிறது. ஏதோ பிழையால் ஏற்றியதைவிட அதிகமாகக் கழித்துவிட்டால் பேஜ் கவுண்டர் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறது. எதிர்ம எண்ணோடு ஓடவிட்டால், வரம்போடு ஒப்பிடும்போது அது பிரம்மாண்டமான எண்ணாகத் தெரியும்; அந்தக் குழுவில் எதுவும் ஓட முடியாமல் ஓஓஎம் கில்லர் திரும்பத் திரும்ப எழும். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ண 4.11-இல் வந்த ரெஃப்கவுண்ட் வகையோ மறுபக்கம் சாய்கிறது: எண்ணிக்கை எல்லை மீறினால் உச்சத்தில் உறைந்து நின்றுவிடும். பொருள் ஒருபோதும் விடுபடாது, மெமரி ஒழுகும். ஒழுகட்டும் என்று தெரிந்தே செய்ததுதான், ஏனென்றால் மாற்று அதைவிட மோசம். 2016-இல் வெளியான சிவிஇ-2016-0728 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்), சாவிகளை வைக்கும் கீரிங்கில் ஒரு 32-பிட் எண்ணிக்கையைச் சுற்றவைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விடுவித்த பொருளைப் பிடித்து ரூட் ஆகும் வழியைக் காட்டியது. மெமரி அளவை எண்ணும் எண்ணையும் உயிரை எண்ணும் எண்ணையும் ஒரே வகையில் வைக்கக்கூடாது. இரண்டும் தவற வேண்டிய திசை வேறு.

எதை எண்ணுவது, எதை விடுவது

எல்லா கர்னல் ஒதுக்கீட்டையும் இயல்பாகவே எண்ணிவிட்டு வேண்டாதவற்றுக்கு விலக்குக் கொடுப்பதா, அல்லது கேட்டவற்றை மட்டும் எண்ணுவதா? லினக்ஸ் முதலாவதைச் செய்து பார்த்துவிட்டு 4.5-இல் இரண்டாவதற்கு மாறியது. இப்போது ஒதுக்கும் இடத்தில் அக்கவுண்ட் என்ற கொடியைச் சேர்த்தால்தான் எண்ணும். வேகத்துக்கு நல்லது. ஆனால் கொடி போட மறந்த ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. ப்ராசஸ்கள் தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளப் பயன்படும் செமாஃபோர்களைத் திரும்பத் திரும்ப உருவாக்கியே கன்டெய்னருக்குள்ளிருந்து மெஷினின் மெமரியைக் காலிசெய்யலாம் என்பது சிவிஇ-2021-3759. 5.15-இல் அவற்றுக்கும் கொடி ஏறியது.

அதே 5.15-க்காக ஃபைல் லாக்குகளையும் எண்ண ஒரு பேட்ச் சேர்ந்தது. வேகத்தை அளக்கும் வில்-இட்-ஸ்கேல் தொகுப்பில், லாக் போட்டு உடனே எடுக்கும் ஒரு சோதனையில் வேகம் மூன்றில் ஒரு பங்கு போனதாகத் தானியங்கிச் சோதனை ரோபோ அறிக்கை விட்டது. செய்தது கோட்பாட்டளவில் சரி, ஆனால் இந்த விலை கட்டாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்து அந்த எண்ணப்படாத ஃபைல் லாக்குகளின் பெயரில் சிவிஇ-2022-0480 வந்து நின்றது. இரண்டு தரப்பையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஒரு சில நூறு நானோவினாடி வாழும் பொருளுக்கு எண்ணும் செலவு அந்தப் பொருளின் செலவையே எட்டிப் பிடித்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் பைட்டுகளை எண்ணுவதைவிட எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது மலிவாக முடியலாம் என்பது என் கணிப்பு.

ஒரு ப்ராசஸ் எதை எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைக்கும் பழைய ஆர்லிமிட் வழியும் ஒன்று இருக்கிறது. கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் பிபிஎஃப் நிரல்களின் மெமரி 5.11 வரை மெம்லாக் ஆர்லிமிட்டில்தான் எண்ணப்பட்டது. அப்போது இயல்பு வரம்பு 64 கேபி. எந்த உருப்படியான கருவிக்கும் அது போதவில்லை. எல்லாக் கருவிகளும் தொடங்கியவுடன் முதல் வேலையாக வரம்பை முடிவிலிக்கு உயர்த்தின. எல்லோரும் கழற்றிவைக்கும் பூட்டு எதற்கு? மெம்சிஜிக்கு மாற்றியது சரியான முடிவு.

கர்னல் எண்ணாமலே இருப்பது

மேலே சொன்னவை அனைத்தும், கர்னல் தன் பொதுக் குவியலிலிருந்து ஒதுக்கிவிட்டுப் பின்னால் ஒருவர் பெயரில் எழுதுகிறது என்ற அடிப்படையில் நிற்பவை. அந்த அடிப்படையையே மாற்றியவர்களும் உண்டு. 2009-இல் முறையாக நிரூபிக்கப்பட்ட எஸ்இஎல்4 மைக்ரோகர்னலுக்குள், தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் மெமரிக் குவியலான ஹீப்பே இல்லை. ஒரு த்ரெட்டோ பேஜ் டேபிளோ வேண்டுமென்றால் அதற்கான மெமரியைப் பயனர் தன் கையிருப்பிலிருந்து கர்னலுக்குக் கொடுக்க வேண்டும். யார் பணம் என்ற கேள்வி எழவே இடமில்லை. சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களுக்காக ரஸ்டில் எழுதிய டாக் ஓஎஸ் இதன் ஒரு நடைமுறை வடிவம்: ஒரு ப்ராசஸுக்காகக் கர்னல் வைத்துக்கொள்ளும் தகவல் அந்த ப்ராசஸின் மெமரித் துண்டின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி வளரும், ப்ராசஸின் ஹீப் கீழிருந்து மேலே. இரண்டும் மோதினால் பாதிக்கப்படுவது அந்த ஒரு ப்ராசஸ்தான்.

அழகான ஏற்பாடு, எம்பெடட் கருவிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். பொது சர்வருக்கு இது ஒத்துவராமல் போவது பகிர்வால். நானூறு ப்ராசஸ்கள் படிக்கும், பொது நூலகமான லிப்சியின் ஒரே பேஜ் யாருடைய பணம்? லினக்ஸ் முதலில் தொட்டவர் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. நியாயமில்லை, ஆனால் ஓடுகிறது.

புதிதாக எழுதுகிறவருக்கு என் தேர்வு இதுதான். பயனர் கேட்டு ஒதுக்குவது எதுவாக இருந்தாலும் அக்கவுண்ட் கொடியோடு தொடங்குங்கள். சொந்தமாகக் கவுண்டர் எழுத வேண்டாம், முன்பணப் பையும் இடைத்தரகரும் இலவசமாகக் கிடைக்கும். சொந்த வரம்பு தேவைப்பட்டால் ஒற்றை அட்டாமிக் எண்ணும் (லாக் இல்லாமலே ஒரே செயலாக மாற்றக்கூடிய எண்), முதலில் கூட்டிப் பிறகு பார்க்கும் வரிசையும். பெர்-சிபியு கவுண்டரை, அந்த எண்ணை வைத்து யாருக்கும் எதையும் மறுக்கப்போவதில்லை என்று உறுதியான பிறகு எடுங்கள். வேகத்தை அளக்கும்போது ஒரே கன்டெய்னருக்குள் சோதனையை ஓட்டி நிம்மதி அடையக்கூடாது. அப்போது சிபியுவின் பை எப்போதும் சரியான குழுவின் பணத்தோடு நிரம்பியிருக்கும், செலவு கண்ணுக்கே தெரியாது. எட்டு பத்து குழுக்களை ஒரே சிபியுவில் கட்டிப்போட்டு மாறி மாறி ஒதுக்கவிட்டு, வரம்பையும் இறுக்கி வைத்து அளந்தால்தான் உண்மையான எண் வரும்.